திரும்பிப் போன பெட்டி

1

எங்கள் வீட்டில் செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி எப்போதும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். லீவு முடிந்து ஊரிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்பிய வாரமே அடுத்த லீவுக்கான பெட்டியை அங்கே வைத்துவிடுவேன். வெறும் கையோடு பாறசாலைக்குப் போய் இறங்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. உங்களில் யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், எப்படி என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியில் விழுபவை பெரும்பாலும் மின்சாமான்கள். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்பவர்கள் பழைய போன், சார்ஜர், முடி உலர்த்தி, நின்றுபோன ரேடியோ எல்லாவற்றையும் என் கையில் தருவார்கள். "உங்கள் ஊரில் இதையெல்லாம் சரி செய்வார்களே" என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். செய்வார்கள் என்ன, என் தம்பியே செய்வான் என்று சொல்லி வாங்கிக்கொள்வேன்.

இந்த முறை மகள் ரூத்தின் பழைய மடிக்கணினியையும் பெட்டியில் போட்டேன். அவள் எடுத்து வெளியே வைத்தாள். நான் மறுபடி போட்டேன். அவள் மறுபடி எடுத்தாள். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது.

"இது ஏன் மாமாவிடம் போகவேண்டும்?" என்று கேட்டாள். "செய்து விற்றவர்கள்தானே திரும்ப எடுக்கவேண்டும்? இங்கே சட்டம் அப்படித்தான். நீ வாங்கியபோதே அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறாய்."

கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. தக்காளி வாங்கினாலும் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் நான். கொடுத்த காசுக்கு உரியதை வாங்காமல் விட்டிருக்கிறேன் என்றால் பொறுக்குமா? அன்றே இருவரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பையன் அளவுநாடாவை எடுத்தான். எந்தப் பக்கமும் இருபத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டாத பழைய சாமானைப் பெரிய கடைகள் சும்மாவே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். தாண்டினால், அதே மாதிரி புதிது ஒன்று வாங்கினால்தான் எடுப்பார்களாம். மடிக்கணினி தாண்டிவிட்டது. சார்ஜர் தாண்டவில்லை. சார்ஜரை வாங்கிக்கொண்டு கணினியை என்னிடமே தந்தான். மாட்டை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் ஜெர்மனிலிருந்து மரியாதை கழன்றுபோகும். "நீ ஒரு விரலளவுக்குச் சண்டை போடுகிறாய்" என்று அவனை ஒருமையில் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத வயதுவந்த ஒருவரை இங்கே 'நீ' என்று அழைப்பது, நம்மூரில் பேங்க் மேனேஜரை 'எலே' என்று கூப்பிடுவதற்குச் சமம். ரூத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகராட்சியின் சேகரிப்பு முற்றத்துக்குப் போனோம். இந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி காட்டினோம். ஒரு கம்பிக்கூண்டில் கணினியை வைத்துவிட்டு வந்தோம்.

ரூத் நிம்மதியாக இருந்தாள். எனக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்கு வந்தால் பெட்டி பாதி காலியாகக் கிடந்தது. வில்சனிடம் என்ன சொல்வது?

2

வில்சன் என் தம்பி. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் பக்கம், மாநில எல்லையை ஒட்டி ஆக்ரிக்கடை வைத்திருக்கிறான். பழைய இரும்பு, பிளாஸ்டிக், டிவி எல்லாம் எடைக்கு வாங்குகிற கடையை அங்கே அப்படித்தான் சொல்வோம். முதலில் அவன் டிவி மெக்கானிக்காக இருந்தான். நான் அனுப்பிய ரேடியோக்களைத் திறந்து, ஊதி, ஒரு கம்பியைப் பற்றவைத்துப் பாட வைப்பான். இப்போது வருகிற சாமான்களுக்குத் திருகாணியே கிடையாது, எல்லாம் பசை. திறந்தால் உடைந்துபோகும். அதனால் பழுது பார்ப்பவன் உடைத்து விற்பவனாக மாறினான். உடைத்தால் மிஞ்சுவது செம்பு. வயருக்குள் இருக்கும் செம்பை எடுக்கச் சுலபமான வழி தீ.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த மாநிலத்தில் செய்ய முடியாததை அந்த மாநிலத்தில் செய்துகொள்வோம். பெட்ரோல் எங்கே விலை குறைவோ அங்கே போய் ஊற்றுவோம், கல்யாண மண்டபம் எங்கே வாய்க்கிறதோ அங்கே பந்தல் போடுவோம். வில்சனின் கடை கேரளத்தில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் உள்ள ரப்பர் துண்டுநிலமும் அவனுடையதுதான், ஆனால் அது தமிழ்நாட்டில். வயரை எரிக்கும் குழியை அங்கே வெட்டியிருக்கிறான். இந்தப் பக்கத்து ஆட்கள் புகையைப் பற்றிப் புகார் சொன்னால், "தீ அங்கயாக்கும்" என்பான். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால், "கடை இங்கயாக்கும்" என்பான். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நம் நாட்டிலும் அதே சட்டம் வந்தது. சாமானை விற்ற கம்பெனிதான் அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு. பதிவு செய்த மறுசுழற்சி ஆலையிலிருந்து சான்று வாங்கிக் காட்டவேண்டும். ஆலைக்குச் சாமான் வேண்டுமே, அதனால் ஓர் ஏஜென்ட் வில்சனைத் தேடி வந்தார். உடைக்காமல், எரிக்காமல், முழுதாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னால் இருக்கும் குழியை மூடிவிட்டுக் கடைக்கு அனுமதி வாங்கவேண்டும் என்றார். அனுமதிக்காக வில்சன் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தான். பின்பக்க நிலம் எங்கள் எல்லை இல்லையே என்றார்கள். எல்லை தாண்டிப் போய்க் கேட்டால், கடை எங்களுடையது இல்லையே என்றார்கள். ஊரைச் சிரிக்க வைத்த அதே பதில் இப்போது அவனுக்கே திரும்பி வந்தது.

கொஞ்சம் அலைந்து பார்த்தான். பிறகு வெறுத்துப்போய்க் குழிக்கே திரும்பினான்.

3

லீவுக்குக் கிளம்பும் முன் வில்சனின் மனைவி ஷைலா போன் செய்தாள். கடைக்கு யாரோ வந்திருக்கிறார்கள், அவன் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று அவசரமாகப் பேசினாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு அவியகிட்ட சொல்லண்டாம். காரக்கோணம் ஆஸ்பத்திரியில இவியள கொண்டு காட்டினோம். புகை பக்கமே போவாண்டாம்னு டாக்டர் தீர்த்துச் சொல்லிட்டாரு. இவிய கேக்கணுமே. இப்பம் இருந்தாக்கும் உறங்குதாவ. கெடந்தா மூச்சு முட்டுது."

"நான் வந்து பேசுதேன் ஷைலா."

"பேச்சு மட்டும் பேசுங்கோ. சாமான் ஒண்ணும் கொண்டு வரண்டாம். நீங்க பெட்டி கொண்டு வந்தா அதுல இருக்க வயரை ஒக்க, ஒண்ணு விடாம எடுத்து அண்ணைக்கே தீ வைப்பாவ. கொண்டு வராதீங்கோ அக்கா."

பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடி உறங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். முதுகுக்குத் தலையணையை எத்தனை வைத்தாலும் போதாமல், விடியும்வரை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் எண்பது வயதைத் தாண்டியிருக்கும். என் தம்பி என்னைவிட இளையவன்.

பெட்டி இல்லாமல் போனால் அவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஷைலா சொல்லிவிட்டாள். இரண்டு நாள் வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு பாட்டிக்குக் கொடுக்கவேண்டிய சூப்பை இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

எல்லாவற்றையும் ரூத்திடம் சொன்னேன். சின்ன வயதில் போனைப் பிடுங்கி வில்சனோடு மணிக்கணக்காகப் பேசுவாள். அவன் கோழிகளின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது "ஹாய் மாமா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஊருக்கு வந்தே பல வருடம் ஆயிற்று, இந்த முறையும் பரீட்சை என்று வரவில்லை.

"மாமாவின் புகைக்கு உற்பத்தியாளர் யார் அம்மா?" என்று கேட்டாள்.

எல்லாக் கேள்வியையும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிறாள். "போய்ப் படி" என்றேன்.

4

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வில்சன் எப்போதும் தன் பெட்டி ஆட்டோவைத்தான் கொண்டுவருவான். பின்னால் சாமான் ஏற்றும் அந்த மூன்று சக்கர வண்டியில் என் அட்டைப்பெட்டிகள் ஏறும், நான் அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருவேன். கயிறெல்லாம் தயாராக வைத்திருந்தான். நான் ஒரே ஒரு சூட்கேசை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பின்னே பெட்டி எங்க? வரல்லியா? கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தியா?"

"நான் கொண்டு வரல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

கயிற்றைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே வைத்தான். "ஓ. இனி வில்சனுக்கு ஒண்ணும் குடுக்காண்டாம்னு அங்க முடிவாயாச்சு போல. கொள்ளாம்."

"எலே, அப்படியெல்லாம் இல்ல."

"ஒரு சூட்கேஸுக்கு நான் ஆட்டோவ இவ்வளவு தூரம் ஓட்டணுமா? பஸ்ஸு இல்லியா நாட்டுல?"

சூட்கேசைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். நெய்யாற்றின்கரையில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினான். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். நான் இறங்கப் போனேன். வேண்டாம் என்று பின்னால் கையை ஆட்டினான். இருமி முடித்துவிட்டு, கடையில் எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கி வந்தான். கோபத்திலும் டீ வாங்கித் தருகிறவனிடம் என்ன பேசுவது? குடித்தேன்.

மறுநாள் காலையில், கடையை ஒட்டிய வில்சன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரப்பர் மரங்களுக்கு மேலே கறுப்பாகப் புகை எழுந்தது. தொண்டைக்குள் கசந்தது. எல்லைக் கல்லைத் தாண்டி ஓடினேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் கம்பால் குழியைக் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வயர்கள் குவியலாகக் கிடந்தன. அதில் பாதி நான் முந்தைய வருடங்களில் கொண்டு வந்தவை. எந்த வயர் எந்தச் சாமானுக்கு என்று மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நான் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. குழியின் ஓரத்தில், 'ரூத் கம்ப்யூட்டர் - முதல்' என்று என் கையெழுத்து சுருண்டு எரிந்துகொண்டிருந்தது.

"எலே, ஒனக்கு உயிர் வேண்டாமா?"

"ஷைலா சொல்லிட்டாளா?"

"அவ சொல்லாண்டாம். நீ இருந்து உறங்குததை நானே கண்டேன்."

அவன் கம்பைத் தரையில் குத்தி நிறுத்தினான். "பின்னே இதை நான் என்ன செய்ய, நீயே சொல்லு. முழுச் சாமானா இருந்தா அந்த ஏஜென்ட் எடுப்பாரு. ஒன் சாமானை அவரு தொடமாட்டேங்காரு. இஞ்ச வித்த கம்பெனி எதுன்னு கேக்காரு. ஒரு கம்பெனியும் இஞ்ச விக்கல்ல, எங்கக்கா கொண்டு வந்ததுன்னு சொன்னேன். வெளியேருந்து நாட்டுக்குள்ள கொண்டு வாறவனாக்கும் சட்டத்துல கம்பெனின்னு சொன்னாரு."

நான் குனிந்து, காகிதம் ஒட்டிய வயர் ஒன்றை எடுத்தேன்.

"அப்பம் நீயாக்கும் கம்பெனி," என்றான். "ரூத்து சட்டம் சொல்லுதாளாமே, நேத்து ராத்திரி நீ ஷைலாகிட்ட சொன்னியே. வித்தவன் திரிச்செடுக்கணும்னு. திரிச்செடு. கொண்டு போ."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு அது கிண்டலாக விழவில்லை. அத்தனை வருடமும் பரிசு என்று நினைத்துச் சுமந்ததை ஒருவன் சரக்கு என்று சொல்லிவிட்டான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து குழியில் ஊற்றினேன். இரண்டாவது வாளிக்குத் திரும்பியபோது அவன் தடுக்கவில்லை.

"செரி, கம்பெனி கொண்டு போவும்," என்றேன்.

"எங்க?"

"எங்க வித்தாவளோ அங்க."

அவன் துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

5

நான் சொன்னதைச் செய்வேன் என்று வில்சன் நம்பவில்லை. அன்று மாலையே கடையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தேன். கடைக்காரப் பையனின் அளவுநாடாக் கதையைச் சொன்னேன். வில்சன் எழுந்து போனான். மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் கம்பு ஒன்றை இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு அளந்து வெட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு சாமானையும் அந்தக் கம்போடு சேர்த்துவைத்துப் பார்த்தான். "இது பாஸு. இது தோத்துப்போச்சு. இது பாஸு." மெக்கானிக் காலத்து உற்சாகம் கொஞ்சம் முகத்தில் வந்தது.

வீங்கிப்போன, உடைந்த பேட்டரி உள்ளவற்றை விமானத்தில் ஏற்ற முடியாது. பஞ்சாயத்திலிருந்து வீடு வீடாக வரும் பச்சைக் கோட்டுப் பெண்கள் மின்குப்பை எடுக்கும் நாளுக்காக ஷைலா அவற்றைத் தனியே மணலில் வைத்தாள். தோற்றவையும் அவற்றோடு சேர்ந்தன, பாஸானவை மட்டும் பெட்டிக்குள் போயின. ஷைலாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மரச்சீனி வத்தலுக்கு இடம் இல்ல, மீன் அச்சாறுக்கு இடம் இல்ல. செத்த சார்ஜரை சீமைக்குக் கொண்டு போறாவ! கேட்டா நாட்டுக்காரங்க என்ன சொல்லுவாவ?"

சொல்லட்டும் என்றேன். ஆனாலும் அந்த மீன் ஊறுகாய் பாட்டிலை எங்கோ நடுவில் திணித்துவிட்டாள்.

வில்சன் ஒவ்வொரு வயரையும் சுருட்டி, ரப்பர் ஷீட்டிலிருந்து கீறிய மெல்லிய கீற்றால் கட்டினான். அவன் கடையில் எல்லாக் கட்டும் அப்படித்தான். புகையில் காய்ந்த ரப்பரின் மணம் பெட்டி முழுக்க ஏறியது. இத்தனை மெனக்கெடவேண்டாமே என்றேன்.

"கெடக்கட்டு. இது என் கட்டாக்கும். எங்க கண்டாலும் அறிவேன்."

"மத்த வயரை என்ன செய்வ?" என்று கேட்டேன். என் சாமானை நான் எடுத்துப் போகலாம். ஊரார் கொண்டுவந்து போடுவதை யார் எடுத்துப் போவது?

"பிளேடு வெச்சு உரிச்சுப் பாக்கேன். பாக்கேன்னுதான் சொன்னேன். உரிப்பேன்னு சொல்லல்ல."

"ஏஜென்ட்?"

"பின்னால நிலத்தை அடைச்சு வேலி போட்டா, கடைக்கு மட்டும் அனுமதி தரலாம்னு இப்பம் ஆபீஸ்ல ஒரு ஆளு சொல்லுதான். பாப்போம்." சொல்லிக்கொண்டே பெட்டிக்குக் கயிறு போட்டு இறுக்கினான். நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் என் பெயரை, 'ஜெஸி' என்று எழுதினான். பிறகு யோசித்துவிட்டு, பக்கத்தில் 'கம்பெனி' என்றும் சேர்த்தான்.

பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்கும்போது, "அடுத்த தடவை ஆட்டோ வேண்டாமில்லியா?" என்று கேட்டான்.

"கொண்டு வா. திரும்பிப் போவும்போ வேணும்," என்றேன்.

6

ஜெர்மனியில் இறங்கியதும் சுங்க அதிகாரி கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்தவுடன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். திறந்தார். முதலில் மூக்கைச் சுருக்கினார். ரப்பர் மணம். ஒரு கட்டை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார். எல்லாம் செத்த வயர். இதை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார்.

இந்த முறை மரியாதைப் பன்மையை விடாமல் பிடித்துக்கொண்டேன். "இவை இங்கே விற்கப்பட்டவை. விற்ற இடத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் சார்ஜர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சட்டத்தில் இப்படி ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் மீன் அச்சாறைப் பற்றி மட்டும் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை ரூத்தும் நானும் அதே கடைக்குப் போனோம். அதே பையன்தான் இருந்தான். அளவுநாடாவைத் தொடக்கூட இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியைக் காட்டினான். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. அவ்வளவு தூரம் சுமந்ததற்கு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ரூத் வில்சனை வீடியோவில் கூப்பிட்டாள். அவளாகவே கூப்பிட்டாள். தொட்டியைக் காட்டினாள். நான் கட்டுகளை ஒவ்வொன்றாகப் போட, அவன் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பாதி உரித்த வயர் ஒன்று ஆணியில் தொங்கியது. 

"அங்கேருந்து அது எங்க போவும் அக்கா?" என்றான்.

பையனிடம் கேட்டேன். மேலே அனுப்புவோம் என்றான். மேலே என்றால் எங்கே என்றேன். அது தனக்குத் தெரியாது என்றான்.

"தெரியாதாம் மக்கா."

"கப்பல் ஏறி நம்ம பக்கம் பின்னேயும் வந்தா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "வரட்டு. நம்ம கட்டுதானே, கண்டா அறிவேன்." சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. போன் கீழே சாய்ந்து, கடையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ரூத் போனை என்னிடம் தரவில்லை. அது முழுதாக அடங்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகம் திரும்ப வந்ததும், பல வருடமாக அவள் வாயில் கேட்காத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அது வந்தா தீ வைக்காண்டாம் மாமா. எனக்கு போன் பண்ணுங்க. நான் வாறேன்."